முதல் பழுது சத்தம் போடாது: பழுதைத் தாங்கும் லினக்ஸ் சர்வர் அமைக்கும் முறை

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் இரண்டு டிஸ்க்கும் போய்விட்டன. ஒரே நாளில் போகவில்லை. முதல் டிஸ்க் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது, ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்படி டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் ரெய்டு முறை தன் கடமையைச் செய்து மிச்சமிருந்த ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது, யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சர்வர் ஒழுங்காகத் தகவல் சொல்லியிருக்கிறது, தினமும் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறது. ஆனால் அது போய்ச் சேர்ந்தது அதே சர்வரில் ரூட் என்ற நிர்வாகப் பயனரின் மெயில்பெட்டிக்கு, அதைத் திறந்து பார்க்க ஆளில்லை. இரண்டாவது டிஸ்க் போன அன்றுதான் இருநூற்றுச் சொச்சம் மெயில் அங்கே கிடப்பது தெரிந்தது.

அதனால் இங்கே எதை அமைக்கச் சொன்னாலும், அது பழுதானால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன். ஒற்றை டிஸ்க் போனால் சர்வர் படுத்துவிடும், உடனே தெரிந்துவிடும். ஜோடியாக இருந்தால் முதல் பழுது சத்தமே போடாது.

டிஸ்க்கிலிருந்து ஆரம்பிப்போம், பெரும்பாலான தலைவலி அங்கேதான். சின்ன சர்வருக்கு ரெய்டு 1, அதாவது ஒரே தரவு இரண்டு டிஸ்க்கில், போதும். லினக்ஸின் சொந்த மென்பொருள் ரெய்டு, எம்டிஅட்ம் கருவியால் நிர்வகிப்பது, எனக்குப் பிடித்தது. தனி ரெய்டு கார்டு வாங்கினால் அந்தக் கார்டு செத்த அன்று அதே மாதிரிக் கார்டைத் தேடி அலைய வேண்டும். மென்பொருள் ரெய்டாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் படிக்கலாம். பெரிய டிஸ்க்குகளை வைத்து ரெய்டு 5, அதாவது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட டிஸ்க்குகளில் ஒன்று போனாலும் தாங்கும் முறை, போடுவதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் விவரத்தாளில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்று போட்டிருப்பார்கள், அது சுமார் 12.5 டெராபைட். நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, ஆனாலும் ஒன்று செத்தபின் மற்ற எல்லா டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசி வரை பிழையின்றிப் படித்தாக வேண்டிய நேரத்தில் இந்த எண் நினைவுக்கு வரும், தூக்கம் வராது.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து மாட்டாதீர்கள். ஒன்றாகத் தயாரானவை, ஒரே சூட்டில் ஒரே அளவு உழைத்தவை, கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓய்வு பெறும். பார்ட்டிஷன் போடும்போது கடைசியில் ஒரு 100 மெகாபைட்டைச் சும்மா விட்டுவையுங்கள். நாளைக்கு மாற்று டிஸ்க் வாங்கும்போது பெட்டியில் அதே அளவுதான் எழுதியிருக்கும், உள்ளே சில மெகாபைட் குறைந்திருக்கும், ரெய்டு அதைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிடும். ஸ்வாப்பையும், அதாவது நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடத்தையும், ரெய்டு மேலேயே வையுங்கள். அதை மட்டும் ஒரு டிஸ்க்கில் தனியாக விட்டால், அந்த டிஸ்க் சாகும்போது ஸ்வாப்புக்குள் போயிருந்த புரோகிராம்களும் சேர்ந்து சாகும், அப்புறம் ரெய்டு எதற்கு.

பலரும் கோட்டை விடுவது பூட் ஆகும் இடத்தில், அதாவது சர்வர் எழும்போது. தரவு இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும், சர்வரை எழுப்பும் க்ரப் என்ற மென்பொருள் மட்டும் முதல் டிஸ்க்கில் இருக்கும். முதல் டிஸ்க் போனபின்னும் சர்வர் ஓடும், ஒரு ரீபூட் போட்டால் எழாது. பழைய பயாஸ் முறை என்றால் க்ரப்பை இரண்டு டிஸ்க்கிலும் நிறுவுங்கள். புதிய யுஇஎஃப்ஐ முறை என்றால் இரண்டிலும் பூட் கோப்புகளுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷன் வைத்து, உள்ளிருப்பதை நகலெடுத்து, பூட் பட்டியலில் இரண்டாவதற்கும் ஒரு பதிவு சேர்த்துவிடுங்கள். க்ரப் அப்டேட்டுக்குப் பிறகு அந்த இரண்டாவது பார்ட்டிஷன் பழசாகிப் போகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

இன்னொன்று, மேசைக் கணினிக்கென்று விற்கும் டிஸ்க்குகளைப் பற்றி. ஒரு செக்டர், அதாவது டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு, படிக்க வராவிட்டால் அவை விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், சில சமயம் நிமிடக் கணக்கில். லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் இயல்பாகக் காத்திருப்பது 30 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க்கையே ரீசெட் செய்யும், ரெய்டு அதைச் செத்ததாக எண்ணி வெளியே தள்ளிவிடும், ஒரே ஒரு கெட்ட செக்டருக்காக முழு டிஸ்க்கும் போனது போலாகும். டிஸ்க் ஏற்றுக்கொண்டால் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடி இஆர்சி அளவை, அதாவது டிஸ்க் எவ்வளவு நேரம் முயலலாம் என்ற வரம்பை, 70 என்று வையுங்கள், அது 7 விநாடி. ஏற்காவிட்டால் கர்னலின் காத்திருப்பை 180 விநாடிக்கு உயர்த்துங்கள். இரண்டுமே ரீபூட்டில் மறைந்துவிடலாம், அதனால் சர்வர் ஏறும்போதே ஓடும்படி ஒரு ஸ்கிரிப்டில் போட்டுவிடுங்கள்.

சரி, இனி இதைக் கண்காணிக்க வேண்டும். ப்ராக் அடைவில் எம்டிஸ்டாட் என்ற கோப்பைப் பார்த்தால், நலமாக இருக்கும் ஜோடிக்கு இரண்டு 'யு' எழுத்து தெரியும், ஒன்று போயிருந்தால் அந்த இடத்தில் ஓர் அடிக்கோடு இருக்கும். இதைத் தினமும் கண்ணால் பார்ப்பேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நீங்களே சொன்னாலும் கூட. எம்டிஅட்ம் அமைப்புக் கோப்பில் உங்கள் உண்மையான மெயில் முகவரியைப் போடுங்கள், பிறகு எம்டிஅட்ம் கட்டளையை மானிட்டர், ஸ்கேன், ஒன்ஷாட், டெஸ்ட் என்ற நான்கு ஆப்ஷன்களுடன் ஒருமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு சோதனை மெயில் வரவேண்டும். ஸ்பாம் பெட்டியிலாவது வந்திருக்கிறதா என்று பார்த்து, உங்கள் கையிலிருக்கும் போனில் அதைத் திறந்து படித்தபின்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். ரூட் பயனருக்கு வரும் மெயில் எல்லாம் மனிதர் ஒருவருக்குப் போகும்படி மெயிலைத் திருப்பிவிடும் ஏலியாஸ் கோப்பிலும் ஒரு வரி சேருங்கள். என் ஏழு மாதக் கதை அந்த ஒரு வரி இல்லாததால் வந்தது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் தகவலுக்கு ஸ்மார்ட்டி (smartd) சேவையை ஓடவிட்டு, வாரம் ஒருமுறை நீண்ட சோதனை நடக்கும்படி வையுங்கள். அதில் வரும் நீளமான பட்டியலில் நான் பார்ப்பது கொஞ்சம்தான்: 5-ஆம் எண், மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198, சரிசெய்ய வராதவை. இவை பூச்சியத்தை விட்டு நகர ஆரம்பித்து, அடுத்த வாரம் இன்னும் ஏறியிருந்தால், டிஸ்க்கின் ஒட்டுமொத்த நிலை 'பாஸ்' என்று சொன்னாலும் கண்டுகொள்ளாமல் மாற்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடுவேன். 199, தரவு வந்துபோகும் வழியில் நேரும் பிழைகள், ஏறினால் டிஸ்க்கைத் திட்டவேண்டாம், பெரும்பாலும் கேபிள்தான் காரணம். மாதம் ஒருமுறை ரெய்டு முழுவதையும் படித்து ஒப்பிடும் சோதனையும் நடக்கட்டும், டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு அது தானாகவே நடக்கும். யாரும் தொடாத பழைய கோப்பு இருக்கும் மூலையில் செக்டர் கெட்டிருந்தால் இப்படி முழுவதையும் படித்தால்தான் தெரியும்.

அடுத்தது, கொஞ்சம் பயமாக இருந்தாலும் செய்தே ஆகவேண்டியது: சர்வர் வேலைக்குப் போவதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவி எடுங்கள். ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றி மாட்டும் ஹாட்ஸ்வாப் வசதி உள்ள பெட்டியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் அணைத்துவிட்டுக் கழற்றி மறுபடி ஏற்றுங்கள். மென்பொருளில் 'ஃபெயில்' என்று குறித்துப் பார்ப்பதும் சோதனைதான், ஆனால் அது மரியாதையாக விடைபெறுவது போல, நிஜ டிஸ்க் அப்படிச் சாவதில்லை. மெயில் வந்ததா? ஒற்றை டிஸ்க்கில் ரீபூட் ஆனதா? பிறகு மற்றதை எடுத்தும் பாருங்கள், நடுவில் மறு ஒத்திசைவு முழுதாக முடிந்தபின். 4 டெராபைட் டிஸ்க் விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் ஏழரை மணி நேரம் ஆகும். சர்வர் வேறு வேலையில் இருந்தால் ஒத்திசைவு ஒதுங்கி வழிவிடும். கர்னல் அதற்கு உறுதியளிக்கும் குறைந்தபட்சம் விநாடிக்கு 1000 கிலோபைட்தான், கர்னல் அளவுகளை மாற்றும் சிஸ்சிடிஎல் கட்டளை வழியாக அதை ஏற்றிக்கொள்ளலாம்.

உருவும்போது எந்த டிஸ்க் என்று எப்படித் தெரியும்? டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பவே நம்பாதீர்கள், ரீபூட்டில் அவை இடம் மாறும். டிஸ்க்கின் சீரியல் எண்ணைச் சின்னத் தாளில் எழுதி டிரேயின் முகப்பில் ஒட்டுங்கள். ஒன்று செத்த ரெய்டில் நல்ல டிஸ்க்கை உருவியவர்கள் நிறையப் பேர், அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை.

மின்சாரத்தையும் நெட்வொர்க்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டும் ஒரே பிளக் பலகையில் போகக்கூடாது, ஒவ்வொன்றும் தனியாக முழுச் சுமையையும் தாங்கவேண்டும். யுபிஎஸ் இருந்தால் அதன் யுஎஸ்பி கேபிளையும் மாட்டி, யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் என்ற மென்பொருளை அமைத்து, பேட்டரி தீர்வதற்கு முன் சர்வர் ஒழுங்காகத் தன்னை அணைத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். நெட்வொர்க் கார்டு இரண்டு என்றால், அவற்றை ஒன்றாக இணைக்கும் பாண்டிங்கில், ஒன்று ஓடி மற்றது காத்திருக்கும் ஆக்டிவ்-பேக்கப் முறை எளிது, இரண்டு வேறு சுவிட்சுகளுக்கு இழுக்கலாம், சுவிட்சில் எதையும் தொடவேண்டாம். இணைப்பை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சோதிப்பது என்று சொல்லும் எம்ஐஐமான் என்ற அளவை மட்டும் 100 மில்லிவிநாடிக்கு வையுங்கள். அது பூச்சியமாக இருந்தால் கேபிள் அறுந்தது கூடப் பாண்டிங்குக்குத் தெரியாது.

சேவைகளுக்கு வருவோம். சேவைகளை இயக்கிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் ரீஸ்டார்ட் என்ற வரிக்கு 'ஆன்-ஃபெயில்யர்' என்று கொடுத்தால் விழுந்த சேவை தானாக எழும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் முயன்றால் சிஸ்டம்டி கையை விரித்துவிடும் என்பது. இயல்பாக ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே அது விடும் இடைவெளி 100 மில்லிவிநாடிதான். டேட்டாபேஸ் எழுந்திருக்க இரண்டு விநாடி தாமதமானால் போதும், அதை நம்பியிருக்கும் சேவை ஐந்து வாய்ப்பையும் அதற்குள் தின்று தீர்த்துவிட்டு நிரந்தரமாகப் படுத்துவிடும். இடைவெளியை 5 விநாடியாக்கினால் இந்தச் சிக்கல் தீரும், ஆனால் பழைய கதை வேறு உருவில் வரும்: சேவை நாள் முழுக்க விழுந்து விழுந்து எழும், வெளியே இருந்து பார்த்தால் 'இயங்குகிறது' என்றே தெரியும். அதனால் சேவை எத்தனை முறை மறுபடி எழுந்தது என்று சொல்லும் என்ரீஸ்டார்ட்ஸ் என்ற எண்ணை சிஸ்டம்சிடிஎல் வழியாக எடுத்து, அது ஏறினால் தகவல் வரும்படி செய்யுங்கள். கர்னலே சிக்கிக்கொள்ளும் நாளுக்கு, கர்னல் பேனிக் அளவை 10 என்று வைத்தால் பத்து விநாடியில் ரீபூட் ஆகும், இயல்பு மதிப்பில் அது உறைந்து நின்றுவிடும். பேக்கப் டிஸ்க்கை, சர்வர் ஏறும்போது இணைக்கவேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் சேர்க்கும்போது நோஃபெயில் என்று ஒரு சொல் சேருங்கள். இல்லாவிட்டால் அந்த டிஸ்க் காணாமல் போன அன்று சர்வர் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் உட்காரும், நீங்கள் எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து உள்ளே நுழையக்கூட வழியிருக்காது.

ஒரு பெட்டி முழுதாகப் போனாலும் சேவை நிற்கக்கூடாது என்றால் இரண்டாவது பெட்டி வேண்டும். வெப் சர்வர் போன்றவற்றுக்குக் கீப்அலைவ்ட் எளிய வழி: இரண்டு பெட்டிக்கும் பொதுவாக ஒரு ஐபி முகவரி, ஒன்று விநாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும், மூன்று முறைக்கு மேல் சத்தமில்லையென்றால் மற்றது முகவரியை எடுத்துக்கொள்ளும். பெட்டி உயிரோடிருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், பக்கம் உண்மையில் பதில் தருகிறதா என்று பார்க்கும் சின்ன ஸ்கிரிப்டையும் அதில் இணையுங்கள். டேட்டாபேஸுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். நடுவில் கேபிள் அறுந்தால் இரண்டும் நானே தலைவன் என்று எழுத ஆரம்பிக்கும், பிறகு இரண்டு விதமான உண்மைகளை ஒட்டவைக்க யாராலும் முடியாது. வாக்களிக்க மூன்றாவது ஒரு பெட்டியும், பதில் தராத பெட்டியின் மின்சாரத்தையே துண்டிக்கும் வசதியும் இல்லாதவரை, டேட்டாபேஸின் நகலான ரெப்ளிகா ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றுவதை மனிதர் கையால் செய்வதே என் வழக்கம். பத்து நிமிடம் சேவை நிற்கும், நிற்கட்டும்.

இவ்வளவையும் கண்காணிப்பது அந்தச் சர்வருக்குள்ளேயே இருந்தால் பயனில்லை, செத்தவன் மெயில் அனுப்பமாட்டான். ப்ரோமிதியஸ், நாகியோஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருளில் எது கைக்குப் பழக்கமோ அது, ஆனால் வேறு பெட்டியில், முடிந்தால் வேறு நெட்வொர்க்கில். டிஸ்க் இடத்தோடு, ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்றாகச் செலவாகும் ஐநோடு எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள், இடம் பாதி காலியாக இருந்தும் புதுக் கோப்பு எழுத முடியாமல் நின்ற சர்வர்கள் உண்டு. பேக்கப்புக்கு 'தோல்வி' என்று மெயில் வருவதை நம்பாதீர்கள், ஸ்கிரிப்டே ஓடாவிட்டால் தோல்வி மெயிலும் வராது. மாறாக, பேக்கப் வெற்றியாக முடிந்ததும் வெளியே ஒரு முகவரியைத் தட்டட்டும், 26 மணி நேரமாக யாரும் தட்டவில்லை என்றால் அங்கிருந்து அலர்ட் வரட்டும். ரெய்டு பேக்கப் ஆகாது என்று தனியாகச் சொல்லவேண்டுமா, நீங்கள் தவறுதலாக அழிக்கும் கோப்பை அது இரண்டு டிஸ்க்கிலும் அக்கறையாக அழிக்கும். அலர்ட்டுகளைக் குறைவாக வையுங்கள். சிபியு ஐந்து நிமிடம் 90 சதவீதம் என்பதற்கெல்லாம் போன் அதிர்ந்தால், இரண்டே வாரத்தில் அந்தச் சத்தம் காதில் விழாது, பிறகு டிஸ்க் போன அலர்ட்டும் அதே கூட்டத்தில் கரைந்துவிடும்.

கடைசியாக, டிஸ்க் சீரியல் எண்கள், எது எந்த டிரேயில், ஐபி முகவரிகள், ரெய்டில் டிஸ்க் மாற்றும் கட்டளைகள், இவற்றை ஒரு தாளில் அச்சடித்து சர்வர் பெட்டிக்கு அருகிலேயே வையுங்கள். நான் இதையெல்லாம் மிக அழகாக ஒரு விக்கியில் எழுதி வைத்திருந்தேன், அந்த விக்கி அதே சர்வரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.