ஊர்ப் பள்ளியின் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இயங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பலவும் தொடங்கி நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டன. நூற்றாண்டு விழா எடுக்கும் ஊர்கள் மலர் ஒன்றை வெளியிடுவதும், அதில் தலைமையாசிரியரோ பழைய மாணவர் ஒருவரோ பள்ளியின் வரலாற்றைச் சில பக்கங்களில் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. கோயிலும் ஜமீனும் இல்லாத ஊர்களைப் பொறுத்தவரை, அங்கே வாழ்ந்த எளிய மக்களைப் பற்றி அச்சில் ஏறும் ஒரே வரலாறு பெரும்பாலும் அந்தச் சில பக்கங்கள்தாம். அதனாலேயே அவற்றில் புகும் பிழை ஒருமுறையோடு நிற்பதில்லை. மலரிலிருந்து கல்வெட்டுக்கும், கல்வெட்டிலிருந்து அடுத்த தலைமுறையின் பேச்சுக்கும் சென்று நிலைத்துவிடுகிறது.

தொடக்க ஆண்டு ஒன்றே என்று கருதுதல்

முதல் தவறு, பள்ளி ஒரு குறிப்பிட்ட நாளில் தோன்றியது என்று எண்ணுவது. பழைய ஊர்ப் பள்ளிகள் பெரும்பாலும் படிப்படியாக உருவானவை: யாரோ ஒருவர் திண்ணையிலோ சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார், பின்னர் அதற்கு அரசின் அங்கீகாரமும் உதவித்தொகையும் கிடைத்தன, அதன்பின் தாலுகா போர்டு என்ற அன்றைய வட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது, கடைசியில்தான் இன்றைய இடத்தில் கட்டடம் எழுந்தது. இந்த நான்குக்கும் இடையில் முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட இருக்கலாம். சுவரில் பதித்த கல்லில் காணப்படும் ஆண்டு பெரும்பாலும் கட்டடத்தின் ஆண்டு மட்டுமே. அதைப் பள்ளியின் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொண்டால் அதற்கு முந்தைய ஆசிரியர்களும் மாணவர்களும் வரலாற்றிலிருந்து விழுந்துவிடுவார்கள். நான்கு ஆண்டுகளையும் தனித்தனியே, எது எந்த ஆவணத்திலிருந்து பெறப்பட்டது என்ற குறிப்போடு எழுதுவதே முறை.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நடத்தச் சொன்ன கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்று அவருடைய 1826ஆம் ஆண்டுக் குறிப்பு சொல்கிறது. எனவே அரசுப் பள்ளி வருவதற்கு முன் ஊர்களில் படிப்பே இல்லை என்று எழுதுவது பிழை. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் நம்பி, சான்று எதுவும் இல்லாமல் நம் ஊர்ப் பள்ளியும் அவற்றுள் ஒன்றின் தொடர்ச்சியே என்று எழுதுவதும் அதே அளவு பிழைதான்.

ஆண்டை மாற்றிக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். நன்கொடைப் பத்திரத்தில் 'பிரபவ' என்று மட்டும் இருந்தால் அது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். வருவாய்த் துறைப் பதிவுகளில் வரும் பசலி ஆண்டு சூலையில் தொடங்குவதால் பசலி 1330 என்பது 1920 சூலை முதல் 1921 சூன் வரையிலான காலம். இதில் 590ஐக் கூட்டினால் தொடங்கும் ஆண்டு கிடைக்கும்.

இன்றைய நிர்வாகப் பெயரைப் பழைய காலத்துக்குப் பொருத்துதல்

'1924ஆம் ஆண்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி தொடங்கப்பட்டது' என்ற வாக்கியத்தை எத்தனையோ மலர்களில் காணலாம். அந்த ஆண்டில் ஊராட்சி ஒன்றியம் என்ற அமைப்பே கிடையாது. 1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டத்தின் கீழ் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பள்ளிகளை நடத்தின. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், தம் எல்லையில் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரும் வாய்ப்பை உள்ளாட்சிகளுக்கு அளித்தது. 1934இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டதும் பள்ளிகள் ஜில்லா போர்டின் நேரடிப் பொறுப்புக்கு வந்தன. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து ஒன்றியங்கள் அமைக்கப்பட்ட பிறகே அவை ஒன்றியப் பள்ளிகள் ஆயின. ஒன்றிய ஊழியராக இருந்த ஆசிரியர் 1981 சூன் 1 முதல் அரசு ஊழியரானார். 'தமிழ்நாடு அரசு 1930இல் தொடங்கிய பள்ளி' என்பதும் இதே வகைப் பிழை. மாநிலம் அந்தப் பெயரை அலுவல்முறையில் பெற்றது 1969 சனவரி 14 அன்றுதான்.

இந்த வரிசையை எல்லா ஊருக்கும் அப்படியே ஒட்டிவிடவும் கூடாது. புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனிச் சமஸ்தானம். கன்னியாகுமரி மாவட்ட ஊர்கள் 1956 நவம்பர் 1 வரை முதலில் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை; அங்குள்ள பழைய ஏடுகளில் கொல்லம் ஆண்டு வரும். திருத்தணிப் பகுதி 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து இங்கே வந்தது. மாவட்டமும் மாறும்: இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரைப் பற்றிய கோப்புகளை 1910 வரை மதுரையின் கீழும், அதன்பின் 1985 வரை இராமநாதபுரத்தின் கீழும் தேட வேண்டும். இது தெரியாமல் 'ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை' என்று எழுதி முடித்துவிடுபவர்கள் பலர்.

யார் படிக்கவில்லை என்பதைக் கேட்காமல் விடுதல்

என் மதிப்பீட்டில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுவே. 'ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் கல்வி பெற்றனர்' என்ற ஒரு வரி, நூறாண்டுகளில் நடந்த மிக முக்கியமான மாற்றத்தை அப்படியே மறைத்துவிடுகிறது. பள்ளி அக்கிரகாரத்திலோ கோயிலை ஒட்டிய மண்டபத்திலோ ஆதிக்கச் சாதியினரின் தெருவிலோ இருந்தால், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள் நுழையவே முடியாத காலம் இருந்தது. அரசு நிதியில் நடந்த பள்ளியாயினும் நிலை அதுதான். சேர்க்கை மறுக்கப்படக் கூடாது என்று ஆணை வந்த பின்னும் இடமே ஒரு தடையாக நின்றது. அந்தப் பிள்ளைகளுக்காகத் தொழிலாளர் துறை தொடங்கிய 'லேபர் பள்ளி'களும், மதுரை வட்டாரத்தில் கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்காக நடந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், மறைப்பணி அமைப்புகளின் உதவிபெறும் பள்ளிகளும் அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருந்திருக்கலாம். அவற்றைச் சொல்லாமல் ஒரு பள்ளியின் வளர்ச்சியை மட்டும் சொன்னால் ஊரில் பாதிப் பேரின் கதை வெளியே நின்றுவிடும்.

இதற்கான விடை பள்ளிக்குள்ளேயே, சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. முதல் பெண் குழந்தை எந்த ஆண்டு சேர்ந்தாள், சேரியிலிருந்து முதல் மாணவர் எந்த ஆண்டு வந்தார், ஒற்றைப் பெயராக வந்தது பத்துப் பெயர்களாக ஆவதற்கு எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ண முடியும். அந்த எண்ணிக்கையை வைத்து எழுதும் இரண்டு பத்திகள், விழாத் தலைவர்களின் வாழ்த்துரைகள் அனைத்தையும்விடப் பயனுள்ளவை.

அதே பதிவேட்டில் நீக்கப்பட்ட நாளும் காரணமும் இருக்கும். பெரும்பாலானோர் சேர்க்கையை மட்டும் எண்ணி அதையே வளர்ச்சி என்று காட்டுகிறார்கள். முதல் வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்து ஐந்தாம் வகுப்பை ஆறு பேர் முடித்திருந்தால், அந்த முப்பத்து நான்கு பேர் எங்கே போனார்கள் என்பதுதான் வரலாறு. கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவின் 1929ஆம் ஆண்டு அறிக்கை இந்திய அளவில் சுட்டிக்காட்டிய இடைநிற்றலும் தேக்கமும் (ஒரே வகுப்பில் தங்கிவிடுதல்) நம் ஊர்ப் பதிவேட்டில் 'தொடர்ந்து வராமை' என்ற சொற்களாகப் பதிந்திருக்கும். நடவும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் அந்தச் சொற்கள் கூடுகின்றனவா, பெண் பிள்ளைகளுக்கு எந்த வகுப்போடு நின்றுபோகிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

பதிவேட்டிலுள்ள பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில், தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்ட பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, ஆசிரியரே ஒரு தேதியைக் குறித்தார். சூன், சூலைப் பிறந்தநாள்கள் மிகுதியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

எல்லாவற்றையும் ஒரே பெயரில் ஏற்றுதல்

நிலம் தந்தவர் ஒருவர், கட்டியவர் ஒருவர், உழைத்தவர் ஒருவர் என மூன்று பெயர்களோடு பல வரலாறுகள் முடிந்துவிடுகின்றன. பள்ளிக்குத் தேவையானவற்றை ஊராரிடமிருந்தே திரட்ட 1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின்போது மணி, கடிகாரம், பெஞ்சு, கரும்பலகை என்று ஊரார் பலரும் தந்தார்கள். தளவாடப் பதிவேட்டில் அந்தப் பெயர்கள் இருக்கக்கூடும். நிலக்கொடையைப் பொறுத்தவரை வாய்மொழியோடு நின்றுவிடாமல் பத்திரத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள, நிலங்களின் விவரம் கொண்ட 'அ' பதிவேட்டையும் பார்ப்பது நல்லது. கொடை என்று ஊர் நம்பும் இடம் புறம்போக்காக இருப்பதுண்டு. தலைமையாசிரியர்களின் பட்டியலைத் தவறாமல் போடுகிறவர்கள், நாற்பது ஆண்டுகள் சமைத்த சத்துணவுப் பணியாளரையும், ஓராசிரியர் பள்ளியாக இருந்த காலத்தில் ஐந்து வகுப்புகளையும் தனியாளாகத் தாங்கிய ஆசிரியரையும் விட்டுவிடுவது வருத்தம் தருவது.

நினைவையும் எண்களையும் சரிபாராமல் எழுதுதல்

முதியோரின் நினைவு மதிப்புள்ளது. அதற்குக் காலம் குறிப்பது எழுதுபவரின் வேலை. 'காமராசர் காலத்திலிருந்தே இங்கே சாப்பாடு' என்று ஒருவர் சொன்னால், 1956இல் பொதுமக்கள் பங்களிப்போடு தொடங்கிய மதிய உணவுத் திட்டம் எல்லாப் பள்ளிகளையும் ஒரே நாளில் எட்டிவிடவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பால்பவுடரைப் பற்றிப் பேசினால் அது பெரும்பாலும் கேர் (CARE) என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உதவி வந்த 1961க்குப் பிந்தைய நினைவு. தினமும் தட்டு நிறையச் சோறு என்பது 1982 சூலை 1இல் தொடங்கிய சத்துணவைக் குறிக்கலாம். காலை உணவோ 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கி 2023 ஆகஸ்டில் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இவ்வாறு தெரிந்த ஆண்டுகளோடு நினைவை ஒட்டிப் பார்த்தால் ஒரு பத்தாண்டு எல்லைக்குள்ளாவது வந்துவிடலாம்.

மாணவர் எண்ணிக்கை குறைந்ததைப் பள்ளியின் தரம் சரிந்ததாக எழுதுவதும் அவசர முடிவு. பக்கத்துக் குக்கிராமத்தில் புதிய பள்ளி பிரிந்திருக்கலாம். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் வேறிடம் சென்றிருக்கலாம். பிறப்பு விகிதம் குறைந்தது, வேலைக்காகக் குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்ந்தது, தனியார் ஆங்கிலவழிப் பள்ளியின் வண்டி ஊருக்குள் வரத் தொடங்கியது என்று காரணங்கள் பல. எண்ணிக்கை இறங்கிய ஆண்டைக் கண்டுபிடித்து, அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று விசாரித்த பிறகே காரணம் எழுத வேண்டும்.

ஆவணத்தை அப்படியே அச்சிடுதல்

பழைய பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து மலரில் போடும் ஆசை இயல்பானது. அந்தப் பக்கத்தில் பெற்றோர் பெயர், சாதி, நீக்கப்பட்ட காரணம் எல்லாம் இருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். எண்ணிக்கைகளை எடுத்து எழுதலாம், பெயர்களை மறைத்துவிட வேண்டும். தலைமையாசிரியரின் அனுமதியோடு பதிவேடு முழுவதையும் படியெடுத்து, ஒரு படியைப் பள்ளியிலும் ஒன்றை வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் வைக்கலாம். கறையானும் மழைக்கசிவும் பல பள்ளிகளின் முதல் பதிவேட்டை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டன. அப்படிப்பட்ட ஊர்களில் பழைய மாற்றுச் சான்றிதழ்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றனவா என்று கேட்டுப் பார்ப்பதும், ஒன்றியக் குழுவின் பழைய தீர்மானப் பதிவேடுகளையும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கல்வித் துறை, உள்ளாட்சித் துறை ஆணைகளையும் தேடுவதும் மீதமுள்ள வழிகள். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதால் விழாத் தேதி குறிப்பதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.