பழைய வேட்டை ரைஃபிளுக்கு மெருகு: அதன் முகம் மாறாமல்

பழைய ரைஃபிளைத் துருவைவிட அதிகம் கெடுத்தது உப்புத்தாள்தான். கட்டையின் (ரைஃபிளின் மரப் பகுதி) கூரிய ஓரம், தயாரிப்பு முத்திரை, மரமும் உலோகமும் ஒரே மட்டத்தில் சேரும் இடம் எல்லாம் ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வராது. 1964க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 போலச் சேகரிப்பாளர்கள் தேடும் ரகம் என்றால், துடைத்து வைப்பதோடு நிறுத்துங்கள். அசல் பூச்சு போனால் மதிப்பும் போகும்.

பிரித்தல். தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் காலிசெய்து, தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். திருப்புளி முனை ஸ்க்ரூவின் பள்ளத்தை முழுதாக நிரப்ப வேண்டும். ஆப்பு வடிவ சாதாரண முனை வழுக்கி, தலையைக் கடித்துவிடும். அசையாத ஸ்க்ரூவுக்குத் துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு பொறுங்கள். விசை அமைப்பைத் தொடவே வேண்டாம். அது உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநீக்குநரின் வேலை.

பழைய பூச்சு. மறைவான இடத்தில் ஆல்கஹால் தொட்ட பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் அது ஷெல்லாக் என்னும் அரக்குப் பூச்சு, ஆல்கஹாலிலேயே துடைத்து எடுக்கலாம். வார்னிஷ் என்றால் கூழ் வகை பெயிண்ட் ரிமூவர் பூசி, பிளாஸ்டிக் சுரண்டியால் வழியுங்கள். பிடியில் செதுக்கிய கட்டக் கோடுகளுக்குப் பழைய பல்துலக்கி போதும்.

உலோகத்தை ஒட்டிய மரம் கறுத்திருந்தால், பல வருட எண்ணெய் ஊறியிருக்கிறது. சுண்ணாம்புக்கல் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். பொடி பழுப்பேறாத வரை திரும்பச் செய்ய வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யுங்கள்.

பள்ளங்கள். ஈரத்துணி போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியைச் சில நொடி அழுத்தினால், நசுங்கிய இழை நீராவியில் உப்பி எழும். அறுபட்ட இழை எழாது. அந்த வடுவை அப்படியே விடுவதுதான் அழகு. ஈரத்தில் சிலிர்த்த நார்களை மட்டும் 320 எண் உப்புத்தாளால், மர ரேகையின் போக்கிலேயே, மெல்லத் தடவுங்கள்.

எண்ணெய். கடையில் 'பாயில்டு' என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயே வேண்டும். பதப்படுத்தாத பச்சை ஆளிவிதை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. 15 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்து, 24 மணி நேரம் காயவிடுங்கள். பிறகு சில துளி உள்ளங்கையில் எடுத்துச் சூடுபறக்கத் தேயுங்கள். இப்படி 6 முதல் 10 பூச்சு. தடிமனாகப் பூசினால் பிசின் போல் ஒட்டிக்கொண்டே இருக்கும். உலோகம் அமரும் உள்பள்ளத்துக்கும் பின்நுனிக்கும் பூச மறந்தால் ஈரம் அவ்வழியே ஏறி, கட்டை வளையும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

உலோகம். மெல்லிய எண்ணெயும் 0000 எண் ஸ்டீல் வூலும் (மிக நுண்ணிய இரும்பு நார்) துருவைக் கிளப்பும், கருநீலப் பூச்சு பெரும்பாலும் தப்பும். வினிகரும் துரு நீக்கிகளும் கூடாது. அந்தப் பூச்சும் இரும்பு ஆக்சைடுதான். துருவோடு சேர்ந்து அதுவும் கரையும்.

மேம்பாடு. தொலைநோக்கிக்காகப் புதுத் துளை போடாதீர்கள். இருக்கும் துளைகளில் பொருந்தும் தாங்கியைத் தேடுங்கள். உதைப்பைத் தணிக்க, கட்டையை அறுக்காமல் மேலே மாட்டும் தோல் உறை போதும். கழற்றிய அசல் பாகங்களைப் பெயரெழுதிப் பத்திரப்படுத்துங்கள். திரும்பப் பூட்டியதும் சுடுவதற்கு முன் பழுதுநீக்குநர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.