நன்றி எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை சாயங்காலம் பட்டர்வொர்த்தில் எங்கள் பிளாட்டின் கீழ்த்தள மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் உட்காருவோம். அந்த வாரத்தில் மனசுக்கு இதமாக இருந்த சின்ன விஷயங்களை எழுதிக்கொண்டு வர வேண்டும், இஷ்டம் இருந்தால் படித்துக் காட்டலாம். அவ்வளவுதான் வேலை. எனக்கு இது பல வருஷப் பழக்கம். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் தன் நன்றி நோட்டை நீட்டினார். ஒன்பது நாள், ஒன்பது பக்கம். ஒவ்வொன்றிலும் "குடும்பம், உடல்நலம், கடவுள்", அச்சடித்த மாதிரி. சிரித்துவிட்டேன். என் முதல் நோட்டும் அச்சு அசல் அப்படித்தான் இருந்தது.

எழுத மறப்பது, பாதியில் விடுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது யாருக்கும் தெரிந்ததுதான்.

பெரிது பெரிதாக எழுதுவது

குடும்பம் என்று எழுதும்போது கை மட்டும்தான் வேலை செய்கிறது. அந்தத் தங்கச்சியிடம், "காலையில் பசார் போனீங்களே, என்ன நடந்தது?" என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்றார். கொஞ்சம் கிண்டினேன். கீரை விற்கிற பாட்டி, இவர் எடுத்த கட்டைக் கையிலிருந்து வாங்கி, "இது முத்தல்மா" என்று ஓரமாகப் போட்டுவிட்டு, கூடையின் அடியிலிருந்து இளசாக ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தாராம்.

"அதை எழுதுங்க."

"இதையா?"

இதைத்தான். கூடவே பாட்டி ஏன் அப்படிச் செய்தார் என்பதையும். 2005-இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவில் அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களை எழுதச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் எதனால் நடந்தது என்றும் எழுதச் சொன்னார்கள். மூன்று விஷயம் என்பதை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், 'எதனால்' என்பது வழியில் எங்கோ விழுந்துவிட்டது. தங்கச்சி யோசித்துப் பார்த்தார். ஒருநாள் மழை பிடித்தபோது பாட்டியின் சாக்கைத் தூக்கி உள்ளே வைக்க இவர் கை கொடுத்திருக்கிறார். இவருக்கே மறந்துபோயிருந்தது.

தினமும் எழுதியே தீருவேன் என்பது

செலிக்மன் தினமும் எழுதச் சொன்னது ஒரு வாரத்துக்கு. சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற இன்னொரு உளவியலாளர் ஆறு வாரம் எழுத வைத்துப் பார்த்தார். வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. மருந்து மாதிரி மூன்று வேளை போட்டால் அலுத்துப்போகும். நாங்கள் சனிக்கிழமை மட்டும் கூடுவதற்கு அதுதான் காரணம். மண்டபம் மற்ற நாளில் கிடைக்காது என்பதும் ஒரு காரணம்.

அழகான நோட்டு வாங்குவது

வேண்டாம். 555 குட்டி நோட்டு போதும்.

நன்றியை வைத்து வாயை அடைத்துக்கொள்வது

இங்கேதான் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

555 என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். மளிகைக் கடையில் கடன் எழுதி வைக்கிற, சட்டைப் பையில் அடங்குகிற குட்டி நோட்டு. 2014-இல் என் பையில் ஒன்று இருந்தது. அப்போது பினாங்குத் தீவில் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி கலகலப்பான ஆள். மாதத்தில் இரண்டு தடவையாவது எல்லாருக்கும் நாசி கண்டார் என்கிற கறிச்சோறு வாங்கித் தருவார். என் நோட்டில் இன்னும் இருக்கிறது: "முதலாளி இன்று மீன் முட்டையோடு நாசி கண்டார் வாங்கிக் கொடுத்தார். மனுஷன் தங்கம்." அதே வரி, வேறு வேறு தேதியில் ஆறு இடத்தில்.

கணக்குப் பிரிவில் வேலை செய்த பெண் ஒருநாள் ஸ்டோர் வாசலில் நின்று, பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, ஈபிஎஃப் ஸ்டேட்மெண்ட் கடைசியா எப்போ பார்த்தீங்க?" ஈபிஎஃப் என்றால் சம்பளத்தில் பிடித்து, முதலாளியும் தன் பங்கு போட்டுக் கட்டுகிற சேமநிதி. எனக்குச் சுருக்கென்றது. சோறு போடுகிற இடத்தைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று நினைத்தேன். "இருக்கிறதுக்கு நன்றியா இருப்போம்மா" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு என் நோட்டில் மழை விட்ட பிறகு அடித்த காற்றைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து, வீட்டுக்கு முன்பணம் கட்ட இரண்டாம் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்று ஈபிஎஃப் கவுண்டருக்குப் போனேன். 14 மாதமாக ஒரு காசு விழவில்லை. என் சம்பளம் 2,400 ரிங்கிட். அதில் என் பங்கு 11 விழுக்காடு, 264 ரிங்கிட், மாதம் தவறாமல் பிடித்திருக்கிறார்கள், சம்பளச் சீட்டில் அச்சாகி இருக்கிறது. முதலாளி போட வேண்டியது 13 விழுக்காடு, 312 ரிங்கிட். மொத்தம் 8,064 ரிங்கிட். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டிய பணம். தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது 1991-ஆம் ஆண்டின் ஈபிஎஃப் சட்டப்படி குற்றம். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. கேட்கக் கூச்சம். வாங்கிச் சாப்பிட்ட வாய் எப்படிக் கேட்கும்?

வீட்டுக்குக் கட்டியிருந்த புக்கிங் பணம் போனது. சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போய்ப் புகார் எழுதினேன். பாக்கி துண்டு துண்டாக வந்து சேர இரண்டு வருஷம் ஆனது. நாசி கண்டாருக்கு முதலாளி செலவழித்ததை ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைக்கு எட்டு ரிங்கிட் என்று வைத்தாலும், என் பணத்தில்தான் எனக்கே விருந்து நடந்திருக்கிறது.

இப்போது மண்டபத்தில் யாராவது, "ஓவர்டைம் காசு வரலை, பரவாயில்லை, வேலையாவது இருக்கே" என்று எழுதிவந்து படித்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். வேலை இருப்பது சந்தோஷம்தான், அதை எழுதுங்கள். வராத காசை வேறு காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, கொடுக்க வேண்டியவரிடம் கொடுங்கள். கணவர் அடிப்பதை "நல்ல நாளில் நல்லவர்தான்" என்று எழுதி மறைத்த ஒருவரும் எங்கள் வட்டத்தில் இருந்தார். அன்றைக்கு நாங்கள் நோட்டை மூடிவிட்டு வேறு வேலை பார்த்தோம்.

"நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்களே"

அடுத்த வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பார்த்து வருகிற நிம்மதி இது. நோட்டில் சேர்க்காதீர்கள்.

இருக்கும்போது பார்க்காமல் விடுவது

வருஷக்கணக்கில் பெர்ரியில் போய்வந்தேன். அப்போதெல்லாம் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போக 1 ரிங்கிட் 20 சென். திரும்பி வரக் காசு கேட்க மாட்டார்கள். சாயங்காலம் வேலை அலுப்போடு, பையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், காற்றாட உட்கார்ந்து கடலைக் கடந்து வீடு வரலாம். ஓசிப் பயணம், ஜார்ஜ்டவுன் விளக்குகள் பின்னால் சுருங்கிப்போகும். ஒருநாள்கூட எழுதியதில்லை. 2020 கடைசியோடு அந்தப் பழைய பெர்ரிகள் நின்றபோதுதான் உறைத்தது. 2023-இல் புதிய பெர்ரிகள் வந்தன, நன்றாகத்தான் இருக்கின்றன.

2008-இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஒரு நல்ல விஷயம் எப்படி நடந்தது என்று எழுதியவர்களைவிட, அது நடக்காமலேயே எப்படியெல்லாம் போயிருக்கலாம் என்று எழுதியவர்களுக்கு மனசு லேசாக இருந்ததாம். எழுத ஒன்றும் தோன்றாத வாரத்தில் அன்றாடம் ஒன்றை எடுத்து, இது இல்லாமல் போயிருந்தால் என்று எழுதிப் பாருங்கள். காலையில் மாமாக் கடையில் நான் உட்காரும் முன்பே மேசைக்கு வந்துவிடுகிற கோப்பி ஓவை, அதாவது பாலில்லாத கோப்பியை, வைத்து நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி எழுத வைப்பது

கூடாது. வீட்டுப்பாடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

எழுதிவிட்டு மூடி வைப்பது

நம் ஆட்களுக்கு நேரில் நன்றி சொல்வது என்றால் நாக்கு எழும்பாது. கடைக்காரரிடம் "தெரிமா காசி" சுலபமாக வந்துவிடும், வீட்டு ஆளிடம் வராது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் அது வாங்குகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று ரொம்பவே கூட்டி நினைத்தார்கள். வாங்கியவர்களோ எழுதியவர்கள் நினைத்ததைவிட நிறைய சந்தோஷப்பட்டிருந்தார்கள்.

இதைப் படித்த பிறகும் எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அந்தக் கணக்குப் பெண் இப்போது புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறார். போன தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு போனேன். ஸ்டோர் வாசல், பேனா, அன்றைக்குக் கேட்ட கேள்வி, நான் சொன்ன அசட்டுப் பதில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கொஞ்ச நேரம் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்படிக் கேட்டேனா? ஞாபகமே இல்லண்ணே. சரி, சாப்பிட்டீங்களா?"