ஒரு நடுகல், ஓர் அம்மிக்கல், முப்பது பிள்ளைகள்

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்கு முதல் தடவை நான் பிள்ளைகளை அழைத்துப் போனபோது மொத்தம் 64 பேர். வரிசையாக உள்ளே போனார்கள், வரிசையாக வெளியே வந்தார்கள். 40 நிமிடத்தில் முடிந்துவிட்டது. காட்பாடிக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஆறாம் வகுப்புப் பெண்ணிடம், "உள்ளே என்ன பார்த்தே?" என்று கேட்டேன். "நிறைய கல்லு டீச்சர்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. எந்தக் கல்லின் முன்னாலும் அவளை நான் நிற்க விடவில்லை.

28 வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் வருடத்துக்கு இரண்டு முறை இந்த வேலையைச் செய்கிறேன். உங்கள் பள்ளியோ தெருவோ செய்ய நினைத்தால், நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் 30 பேருக்கு மேல் வேண்டாம். பத்துப் பேருக்கு ஒரு பெரியவர். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. அதைப் பார்க்காமல் பஸ் பேசிவிடாதீர்கள். மே 18 உலக அருங்காட்சியக நாள்தான், ஆனால் வேலூர் மே மாத வெயிலில் சின்னப் பிள்ளைகளைக் கோட்டை மைதானத்தில் நடக்க வைக்க எனக்கு மனசு வராது. நவம்பர் 19 முதல் 25 வரை உலக பாரம்பரிய வாரம். அதுதான் நம் ஊருக்குத் தோதான நாள்கள். மூன்று வாரம் முன்னதாகவே காப்பாட்சியருக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள். எத்தனை பேர், எந்த வகுப்பு, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "சுற்றிப் பார்க்க" என்று மட்டும் எழுதாமல், "ஒரு நடுகல்லின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைய" என்று எழுதிப் பாருங்கள், படிக்கிறவருக்கும் ஆர்வம் வரும். (நடுகல் என்றால் சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்.) கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால், வெளியே மைக், பந்தல் என்று எது போடுவதானாலும் அவர்களிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

முந்தின நாள் வகுப்பிலேயே ஒரு கதை சொல்லிவிடுவேன். பழைய வடஆற்காடு மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்போனது. செங்கம் பக்கம் மட்டுமே எத்தனையோ கிடைத்திருக்கின்றன. அதில் எடத்தனூர் நடுகல் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவகத்தி என்கிற வீரனுக்கு எடுத்த கல் அது. பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். திருடரைக் கடித்துவிட்டுத் தன் எசமானனுக்குக் காவலாக நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,300 வருடத்துக்கு மேல் ஒரு நாயின் பெயர் பிழைத்திருக்கிறது என்று சொன்னதும் வகுப்பு அப்படியே அடங்கிப்போகும். அப்புறம் தன் வீட்டு நாயின் பெயரை ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பிப்பார்கள். சொல்லட்டும், தடுக்காதீர்கள்.

அன்று காலை உள்ளே போனதும் ஒரே ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் உட்கார வையுங்கள். முதல் பத்து நிமிடம் நீங்கள் ஒன்றும் பேசக் கூடாது. பிள்ளைகள் பென்சிலில் வரையட்டும். வரையும்போதுதான் கண் கேள்வி கேட்கும்: கையில் இருப்பது வாளா, வில்லா? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? காலடியில் கெண்டி (மூக்கு வைத்த சின்னச் செம்பு) ஏன்? எழுத்து இருக்கிறதா? இருந்தால் ஒரு சொல்லையாவது காட்டுங்கள். மாட்டுக்கூட்டத்தைத் 'தொறு' என்றும், செத்தான் என்பதைப் 'பட்டான்' என்றும் எழுதியிருப்பார்கள். தொறு மீட்டுப் பட்டான் என்றால் என்ன என்று இந்தச் சின்னப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கல்வெட்டைப் படியெடுப்பது எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். அருங்காட்சியகக் கல்லில் கை வைக்கக் கூடாது, மை படவே கூடாது. அதற்குத்தான் என் வீட்டு அம்மிக்கல்லை ஆட்டோவில் பள்ளிக்கு ஏற்றிப் போகிறேன். புதிதாகக் கொத்தின அம்மியாக இருந்தால் நல்லது. கல்லைக் கழுவித் துடைத்து, நனைத்த கெட்டித் தாளை மேலே பரப்பி, மயிர் அடர்ந்த தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்க வேண்டும். நடுவில் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. தாள் பாதி காய்ந்ததும், பஞ்சு வைத்துக் கட்டிய துணிப்பொதியில் கறுப்பு மை தொட்டு மெதுவாக ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமானால் மை ஊறிவிடும், முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். உரித்துப் பார்த்தால் உளி விழுந்த ஒவ்வொரு புள்ளியும் வெள்ளையாக, மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கும். கல்வெட்டிலும் எழுத்து இப்படித்தான் வெள்ளையாக வரும் என்று அப்போது சொன்னால் போதும்.

மதியம் புளிசாதம், தண்ணீர், நிழல். அதன்பின் கோட்டையைப் பார்க்கக் கொஞ்ச நேரம் நடக்கலாம். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் இங்கே சிறையிருந்து 1832-இல் இறந்தார். அவர் சமாதி இருக்கும் முத்துமண்டபம் பாலாற்றங்கரையில். 1806 ஜூலை 10 விடியும் முன்பு இந்தக் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததைச் சொல்லும்போது தேதியோடு நிறுத்தாதீர்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை போடு என்று கட்டளை வந்தது. "உனக்கு இப்படிச் சொன்னால்?" என்று கேளுங்கள். போன வருடம் ஒரு பையன் அரை மணி நேரம் பேசினான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடப்பது. பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள் கொண்டுவர வேண்டும். பள்ளி வராண்டா போதும், நாலு மேசை, மேலே வெள்ளை வேட்டி. பித்தளை ஆழாக்கு வரும், குடியாத்தம் தறி நாடா வரும், தோல் ஷாப்பில் வேலை பார்த்த தாத்தாவின் கத்தி வரும் (கத்தியைப் பெரியவர் கையில்தான் வாங்க வேண்டும்). ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டையில் மூன்று வரி: யாருடையது, எதற்கு, கடைசியாக எப்போது பயன்பட்டது. வீட்டில் கேட்டுத்தான் எழுத வேண்டும். தங்கம், வெள்ளி வாங்காதீர்கள். வாங்கின உடனே ஒரு நோட்டில் பெயரும் பொருளும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொருளின் சொந்தக்காரர்களையும் வரச் சொல்லுங்கள். அட்டைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு நாற்காலி போட வேண்டும், இது முக்கியம். ஒரு தடவை பீடி இலை வெட்டும் தகடு ஒன்று வந்தது. பேத்தி எழுதிய அட்டையைப் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி சத்தமாகப் படித்தாள். பாட்டி கேட்டுவிட்டு, "அளவு தப்பா எழுதியிருக்கே" என்று திருத்தி, சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் இலை வெட்டிச் சுருட்டும் விதத்தை வெறும் காகிதத்தில் செய்து காட்டினார்.

சாயங்காலமே எல்லாப் பொருளையும் திருப்பிக் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அன்று அந்தத் தகட்டை மட்டும் நான் கொடுக்கும் முன்பே பாட்டி எடுத்து மடியில் முடிந்துகொண்டார். மறுநாள் காலையில் அதற்கு வேலை இருந்தது.