ஏசி ஒழுகினால் முதலில் காஸ் அடிக்காதீர்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் சித்திரை, வைகாசிப் புழுக்கம் தொடங்கினால் மாடிவீடுகளில் இதே முறைப்பாடுதான்: ஏசிக்குக் கீழே சுவர் நனைகிறது, கட்டிலில் தண்ணீர் சொட்டுகிறது. திருத்த வருகிறவர் "காஸ் குறைஞ்சு போச்சு" என்கிறார். காஸ் அடித்துக் காசும் கொடுத்தாயிற்று. ஆனால் ஒழுக்கு நிற்கவில்லை.

ஏசியின் காஸ், அதாவது குளிராக்கும் வாயு, மூடிய குழாய்க்குள் சுற்றுவது. ஓட ஓடத் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தை அடைக்காமல் காஸ் அடிப்பது வீண் செலவு.

கொழும்புக் காற்றின் ஈரம் உள்ளேயிருக்கும் குளிர்ந்த சுருளில் பட்டுத் தண்ணீராகிறது. இரவு முழுக்க ஓடினால் பல லீற்றர் சேரும். அது சுருளுக்கு அடியிலுள்ள தட்டில் விழுந்து, மெல்லிய குழாய் வழியே சரிவில் வெளியே போகவேண்டும். தூசியும் ஈரமும் சேர்ந்து அந்தக் குழாயில் வழுவழுவென்று பாசி பிடித்துவிடும். பெரும்பாலான ஒழுக்குக்கு இதுதான் காரணம். புழுக்கமான நாளில் ஏசி ஒரு மணித்தியாலம் ஓடியும் வெளிமுனையில் ஒரு துளிகூட விழவில்லையா? அடைப்பென்றே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் உறிஞ்சும் வெக்யூமை வெளிமுனையில் பிடித்து இழுத்தால் பாசி கட்டியாக வந்து விழும். உள்ளிருந்து பலமாகக் காற்றடித்தால் சுவருக்குள் பொருத்து கழன்றுவிடலாம்.

பல்கனியில் வாளி வைத்துக் குழாயை அடிவரை விடுவதும் தவறு. முனை தண்ணீரில் மூழ்கினால் காற்று அடைபட்டு, தண்ணீர் உள்ளேயே தேங்கும். முனை வாளியின் விளிம்புக்கு மேலேயே நிற்கட்டும்.

சுருளில் ஐஸ் கட்டியிருந்தால் கத்தியால் சுரண்டவே வேண்டாம், சுருள் ஓட்டையாகிவிடும். ஏசியை நிறுத்தி, தானாக உருகவிடுங்கள். காஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும்; ஆனால் அழுக்கு ஃபில்டரும் அதையே செய்யும். காலி வீதியை (Galle Road) பார்த்த அறைகளில் தூசி கடுமை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். எதில் கை வைக்குமுன்னும் ரிமோட்டில் நிறுத்தினால் போதாது. ஏசிக்கான பிரேக்கரையே இறக்குங்கள்.

புதிதாகப் பூட்டிய ஏசி முதல் கிழமையே ஒழுகினால் பூட்டியதில்தான் பிழை: மட்டம் சரியில்லை, அல்லது குழாய் எங்கோ மேல்நோக்கி ஏறுகிறது. பூட்டியவர்கள் கிளம்புமுன் தட்டில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றச் சொல்லி, அது வெளியே வருகிறதா என்று நின்று பாருங்கள். வந்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.