ஒரு வீல் போல்ட் முறிந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்

அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வயல் வழியே நெல் மூட்டை ஏற்றி இறங்கும் கெப்களுக்கு, சில்லைப் பூட்டும் வீல் போல்ட் முறிவது புதினமல்ல. கராஜில் புதிதாகக் கைவைக்கும் பொடியன்மார் அதை மாற்றும் விதத்தைப் பார்த்தால், பழைய பாஸ்மார் ஒருகாலத்தில் விட்ட அதே பிழைகள்தான். ஸ்டாண்ட் வைக்காமல் ஜக்கை நம்பி வேலை செய்வதைப் பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை. அது தெரியாதவர் சில்லுக்குக் கிட்டவே போகக்கூடாது.

முறிந்ததை மட்டும் மாற்றுவது

காசைத் தின்னும் பிழை இதுதான். எத்தனை தரம் சொன்னாலும் திரும்ப நடப்பதால் எரிச்சல் வருவதும் இதில்தான். ஆறில் ஒன்று முறிந்திருக்கும். கடையில் ஒன்றை வாங்கி ஏற்றி, நட்டை இறுக்கி அனுப்பிவிடுவார்கள். சில கிழமையில் அதே கெப், அதே சில்லு, இந்தமுறை பக்கத்து இரண்டும் இல்லாமல் வந்து நிற்கும். றிம் ஓட்டைகள் முட்டை வடிவமாகியிருக்கும். இரண்டு போல்ட்டின் காசை மிச்சம் பிடித்தவர் இப்போது றிம்முக்கும் சேர்த்து எண்ண வேண்டும்.

பாரம் முழுவதையும் போல்ட்டின் தடிப்புத்தான் தாங்குகிறது என்று நினைப்பதால் வரும் வினை இது. நட்டை இறுக்கும்போது போல்ட் மயிரிழையளவு நீள்கிறது. அந்த இழுவை றிம்மை, சில்லு பூட்டும் நடுப்பகுதியான ஹப்போடு நெரித்துப் பிடிக்க, இரண்டு முகங்களுக்கும் இடையிலுள்ள உராய்வுதான் பாரத்தைச் சுமக்கிறது. ஒன்று தளர்ந்தால் பிடி குறைந்து றிம் அசையத் தொடங்கும். சில்லு சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் போல்ட்கள் வளைந்து நிமிரும். வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது, உள்ளே வெடிப்பு ஓடியிருக்கும்.

முறிந்த துண்டை எறிவதற்கு முன் துடைத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். முகத்தில் ஒரு பக்கம் வழுவழுப்பாக, அலை வடிந்த மணலில் கிடக்கும் கோடுகள்போல வளைவளைவாக இருந்து, மீதிச் சின்னத் துண்டு மட்டும் சொரசொரப்பாக இருந்தால், அது தளர்ந்து ஓடிக் களைத்து முறிந்தது. கழுத்து மெலிந்து முறுக்கேறியிருந்தால், யாரோ அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருக்கிறார்.

ஒன்று முறிந்தால் அதன் இரு பக்கத்தையும் சேர்த்து மூன்று மாற்ற வேண்டும். இரண்டு முறிந்தால் அந்த ஹப்பில் ஆறும். நட்களும் புதிதாக இருக்கட்டும். ஓட்டை நீண்ட றிம்மைத் திரும்பப் பூட்ட வேண்டாம்.

புரி பார்க்காமல் வாங்குவது

ஹைலக்ஸ், எல்200 கெப்களுக்குப் போல்ட்டின் தடிப்பு 12 மில்லிமீற்றர், புரிக்குப் புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர். நவாராவுக்கு அதே 12, புரி 1.25. மாறிப்போன நட் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். இறுகிவிட்டது என்று ஏமாறுவது அங்கேதான். போல்ட்டின் தலைக்குக் கீழே, ஹப்பில் இறுகிப் பிடிக்கும் பல்லுப் பகுதியையும் வேர்னியர் அளவுகோலால் அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். அது கொஞ்சம் மெலிந்தாலும் நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றும்.

காற்றுக் கன்னால் இழுத்து ஏற்றுவது

பின்சில்லென்றால் முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, பிரேக் ட்ரம்மைக் கழற்றுங்கள். வர மறுத்தால் ட்ரம் முகத்தில் புரி வெட்டிய இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கிறதா பாருங்கள். அவற்றில் போல்ட் போட்டு மாறி மாறி இறுக்கினால் தானாகத் தள்ளிவரும். ஹப்பைச் சுற்றி, பின்னால் இடம் உள்ள பக்கமாகப் பழைய துண்டை வெளியே எடுங்கள். முன் ஹப்பில் சுத்தியல் வேண்டாம், பெயரிங் அடிவாங்கும். அழுத்தி எடுக்கும் கருவி பிடியுங்கள்.

புதியதைப் பல்லுக்குப் பல் பொருத்தி நுழைத்து, தடித்த வாஷர் நாலைந்து போட்டு, வாஷர்களுக்கு இடையில் மட்டும் கொஞ்சம் கிறீஸ் தடவி, பழைய நட்டின் தட்டைப் பக்கம் உள்ளே பார்க்கக் கையால் இறுக்கி இழுங்கள். பின்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள்: தலைக்கும் ஹப்புக்கும் நடுவே மயிரிழை வெளிச்சமும் தெரியக்கூடாது. காற்றழுத்தத்தில் நட்டைச் சுற்றும் கன்னால் இழுத்தால் தலை உட்கார்ந்தது கைக்குத் தெரியாமலே புரி நீண்டுவிடும். இழுத்த நட்டை எறிந்துவிடுங்கள்.

பைப் போட்டு ஏறி மிதிப்பது

12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு இறுக்கும் முறுக்கு பெரும்பாலும் 100 முதல் 130 நியூட்டன் மீற்றர் வரை கேட்கும். சரியான கணக்கு வாகனத்தின் கைநூலில் இருக்கிறது. 70 கிலோ ஆள் அரை மீற்றர் ஸ்பானர் பிடியின் நுனியில் ஏறி நின்றாலே 340 வந்துவிடும். அதற்கு மேல் பிடியை நீட்டப் பைப் எதற்கு? எதிரெதிராக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். கடைசிச் சுற்று, இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச்சால், சில்லு நிலத்தில் பட்ட பிறகு.

புரிக்குக் கிறீஸ்

உப்புக் காற்றும் மீன்பெட்டித் தண்ணீரும் படுகிற வாகனத்துக்குப் பூசத்தான் மனம் வரும். ஆனால் மேலே சொன்ன இறுக்கும் அளவு உலர்ந்த புரிக்குச் சொன்னது. கிறீஸ் பூசி அதே அளவுக்கு இறுக்கினால் போல்ட் கூடுதலாக நீளும். கம்பித் தூரிகையால் துருவை எடுத்தால் போதும். றிம் ஹப்போடு ஒட்டிப்பிடிக்கிறதென்றால் நடு வளையத்தின் விளிம்பில் மட்டும் மெல்லியதாகத் தடவலாம்.

றிம்மின் உள்முகத்துப் பெயின்ட்

சுரண்டி எடுங்கள். நசிந்தால் பிடி தளரும்.

முறிந்த துண்டில் நட் வைத்து வெல்டிங்

கழற்றி எடுக்க மட்டும். ஓட அல்ல.

அலோய் றிம் நட்டை இரும்பு றிம்முக்குப் போடுவது

தட்டை வாஷர் உள்ள நட் கூம்பு ஓட்டையில் உட்காராது. ஸ்பெயார் சில்லு இரும்பென்றால் அதற்குரிய நட்களை ஒரு பையில் கட்டி வாகனத்திலேயே வையுங்கள்.

திரும்ப இறுக்காமல் விடுவது

50 முதல் 100 கிலோமீற்றருக்குள் ஒருமுறை. மட்டக்களப்பில் பூட்டிக்கொண்டு புறப்பட்டால் அக்கரைப்பற்றில் இறங்கி, சில்லு ஆறியதும் டோர்க் ரென்ச்சைப் போடுங்கள். பிறகு நட்டிலிருந்து றிம்முக்கு வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு. கோடு விலகினால் நட் கழன்றிருக்கிறது, அல்லது பல்லுப் பிடிக்காமல் போல்ட்டே சுற்றியிருக்கிறது.