அடுப்பு வாங்கப் போகுமுன் மேடைக்கு அடியில் குனிந்து பாருங்கள்

பத்தொன்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலும் கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடிகளிலும் கேஸ் அடுப்பு பொருத்துவதுதான் என் வேலை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள் ஃபோன் ஓயாது. கூப்பிட்ட வீட்டுக்குப் போய், பையைத் திறக்கும் முன்பே "இதை இங்கே மாட்ட முடியாதுக்கா" என்று சொல்ல வேண்டி வந்த நாள்கள் நிறைய. புது அடுப்பு பெட்டியோடு கூடத்தில் கிடக்கும், அக்காவின் முகம் வாடிப்போகும். அதைத் தவிர்க்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

எல்லை எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழாய்வழி வரும் எரிவாயுவை அடுப்போடு இணைக்கும் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர்தான் செய்ய வேண்டும். சட்டம் அப்படி. குழாய் ரிப்பேர் பார்க்கும் மச்சானிடம் கொடுக்காதீர்கள். ஆனால் அளப்பது, சரியான அடுப்பைத் தேர்வது, வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது, பிறகு அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

கடைக்குப் போனதும் "பியூபி கேஸா, எல்பிஜியா?" என்று கேட்பார்கள். பியூபி என்பது பொதுப் பயனீட்டுக் கழகம். எரிவாயு அதன் கையைவிட்டுப் போனது 1995இல். ஆனாலும் குழாய் கேஸுக்குக் கடைக்காரர்கள் வாயில் இன்னும் அந்தப் பெயர்தான். பதில் உங்கள் மேடைக்கு அடியில் இருக்கிறது. மீட்டரிலிருந்து குழாய் வந்தால் குழாய் கேஸ், சிலிண்டர் நின்றால் எல்பிஜி. இந்த ஒரு கேள்வியில் தவறினால் மற்றதெல்லாம் வீண்.

உட்லண்ட்ஸில் ஒரு குடும்பம் மலேசியாவின் ஜோகூர் பாருவில் நல்ல விலைக்கு அடுப்பு வாங்கி வந்து, யாரையோ வைத்து மாட்டியும் விட்டது. "தம்பி, தீ சின்னதாத்தான் எரியுது, அணைக்கும்போது டப்புனு சத்தம் வருது" என்று அந்த அக்கா கூப்பிட்டார். அங்கே சமையலுக்குப் பெரும்பாலும் சிலிண்டர் என்பதால் அடுப்பும் அதற்கேற்ற எல்பிஜி அடுப்பு. நம் குழாய் கேஸில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன். எல்பிஜியைவிட வெப்பம் குறைவாகத் தருவதால், கேஸ் வெளிவரும் நாசில் துளை பெரிதாக இருக்க வேண்டும். அதோடு ஹைட்ரஜன் தீ மிக வேகமாக ஓடும். பொருந்தாத பர்னரில் தீ பின்னோக்கி உள்ளே பாய்ந்துவிடும். அந்த 'டப்' அதுதான். நாசிலை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார்கள், மறுத்துவிட்டேன். வால்வை மூடி, கழற்றி, குழாயை அடைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் வேறு அடுப்பு வாங்கினார்கள். இதற்கு நேர்மாறாக, குழாய் கேஸ் அடுப்பை எல்பிஜியில் மாட்டினால் இன்னும் மோசம். தீ உயரமாக எழும்பும், பாத்திரமெல்லாம் கரி பிடிக்கும்.

சிங்கப்பூரில் விற்கும் வீட்டு கேஸ் அடுப்பில் பாதுகாப்புக் குறி இருக்க வேண்டும். சதுரத்துக்குள் டிக் போட்ட சின்ன ஸ்டிக்கர், கூடவே பதிவு எண். பெட்டியிலோ அடுப்பின் அடியிலோ தேடிப் பாருங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது துளை. எல்லாரும் மேலே தெரியும் கண்ணாடியை அளக்கிறார்கள். அளக்க வேண்டியது கல்லில் வெட்டியிருக்கும் துளையை. பழைய அடுப்பைத் தூக்க முடியாவிட்டால், அடியிலிருந்து டேப் வைத்து நீளம், அகலம், ஆழம் மூன்றையும் எடுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். புது அடுப்பின் கையேட்டில் துளை அளவு தனியாகப் போட்டிருக்கும். துளை சிறிதாக இருந்தால் வெட்டிப் பெரிதாக்கலாம், பெரிதாக இருந்தால் கல்லை ஒட்ட முடியாது. வெட்டுவதானால் கேஸை மூடி, அடுப்பைக் கழற்றி, குழாய் வாயை அடைத்த பிறகே வெட்ட வேண்டும். மூலைகளை வளைவாக வெட்டச் சொல்லுங்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் குவார்ட்ஸ் கல் விரிசல் விடும்.

அடியில் இழுப்பறை, பேக்கிங் அவன் (oven) ஏதாவது வருகிறதா? அப்படியானால் வால்வு எங்கே நிற்கும் என்பதை வரைபடத்திலேயே கேட்டுவிடுங்கள். செங்காங்கில் ஒரு புது வீட்டில் அலமாரி போட்டவர்கள் வால்வைப் பலகைக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டார்கள். அழகாகத்தான் இருந்தது. கசிந்தால் மூட ஸ்குரூடிரைவர் வேண்டும்! அன்றைக்கே பலகையில் கதவு வெட்ட வைத்தேன். கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் வால்வு இருக்க வேண்டும், அதில் எனக்குச் சமரசமே கிடையாது. அலமாரிக்குக் காற்றுத் துளையும் வேண்டும். குழாய் கேஸ் காற்றைவிட லேசு, மேலே ஏறும். எல்பிஜி கனம், தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அலமாரியின் கீழ்ப்பக்கம் துளை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூட்டின் உயரம் பொதுவாக அடுப்பிலிருந்து 65 முதல் 75 செ.மீ., உங்கள் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

வேலை நடக்கும் நாளில் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பணியாளர் கோபப்பட மாட்டார். மெயின் வால்வை மூடியாயிற்றா, குழாய் மரையில் கசிவைத் தடுக்கச் சுற்றியிருக்கும் பழைய டேப்பைச் சுரண்டி எடுக்கிறாரா என்று பாருங்கள். பழையதன் மேலேயே புது டேப் சுற்றுகிறவரை நிறுத்துங்கள். இணைத்து முடித்ததும் கசிவுச் சோதனை. நான் யூ வடிவக் குழாயில் தண்ணீர் ஊற்றி இணைப்பில் மாட்டி, கேஸை விட்டு, வால்வை மூடிவிட்டுத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மட்டம் அசையக் கூடாது. அதன் பிறகு சோப்பு நுரை.

ஈசூனில் ஒரு வீட்டில் தண்ணீர் மட்டம் மெல்ல, ஒரு நூலளவு இறங்கியது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி, தூரிகையால் ஒவ்வொரு மூட்டிலும் தடவினேன். முதலில் ஒன்றுமில்லை. டார்ச் அடித்துக் காத்திருந்தேன். முழங்கை மூட்டின் பின்புறம் கடுகளவு ஒரு குமிழி. அரை நிமிடத்தில் மிளகளவு, பிறகு பட்டாணியளவு, வெடித்தது, மறுபடி கடுகு. கழற்றிப் பார்த்தால் மரையில் பழைய டேப்பின் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. மோப்பத்துக்கு அது எட்டவே இல்லை. ஆகவே நுரையைத் தடவியதும் துடைக்க விடாதீர்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு முழு நிமிடம் கொடுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர் வந்தால் அப்போதே வெளியே அனுப்பிவிடுங்கள்.

பற்றவைக்கும்போது அடுப்பின் திருகுக் குமிழை அழுத்திச் சில விநாடிகள் பிடிக்க வேண்டும். பர்னர் ஓரத்தில் நிற்கும் சின்ன ஊசியின் பெயர் தெர்மோகப்பிள். அது சூடானால் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும், அந்த மின்சாரம்தான் கேஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. தீ அணைந்தால் ஊசி ஆறும், வால்வு தானாக மூடும். பொங்கல் பானை பொங்கி வழிந்து தீயை அணைக்கிறதே, அந்த நேரத்தில் வீட்டைக் காப்பது இந்த ஊசிதான். சன்னல்களைத் திறந்து வைத்து, பணியாளர் இருக்கும்போதே தீயை ஊதி அணைக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள் 'டிக்' என்று வால்வு மூடும் சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அடுப்பை ஏற்காதீர்கள். சாம்பாரோ பாலோ வழிந்த அன்றே, ஆறியதும் ஊசியை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

தீ நீலமாக, பர்னரோடு ஒட்டி எரிய வேண்டும். மஞ்சள் நுனி தெரிந்தால் முதலில் பர்னர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் காரணம் அதுவாகத்தான் இருக்கும். பற்றவைக்கும் தீப்பொறி பலவீனமானால் அடியில் இருக்கும் பெரிய பேட்டரியை மாற்றினால் போதும்.

சிலிண்டர் வீடுகளுக்கு: சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கட்டும், ஹோஸ் பேக்கிங் அவனுக்கு (oven) பின்னால் போக வேண்டாம், இரு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்கட்டும். ஹோஸை வளைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் அன்றே மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் வீட்டில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டு வால்வைக் காட்டுவேன், பாட்டி, பணிப்பெண் உட்பட. கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல். ஒவ்வொருவரையும் ஒரு தடவை திருப்பச் சொல்வேன். வாடை வந்தால் விளக்கு, விசிறி, மணி எதன் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தீயை அணைத்து, வால்வை மூடி, சன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்த பிறகு ஃபோன் எடுங்கள். குழாய் கேஸ் கசிவுக்கு 1800-752-1800, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். தீ என்றால் 995. இந்த இரண்டு எண்ணையும் எழுதி வாசற்கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது மெயின் வால்வை மூடிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து திறந்ததும் முதல் பர்னர் பற்ற நேரமாகும். உள்ளே காற்று நின்றிருக்கும், அவ்வளவுதான். குமிழை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, சன்னலைத் திறந்துவிட்டு மறுபடி பற்றவையுங்கள்.